பாட்டுக்கு நூறு வயது, ஆல்பம் நேற்று வந்தது

ஓர் இரவு படுக்கப் போகும் முன் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு புது ஆல்பத்தைப் போட்டேன். பாஞ்சோ கேட்டது, ஃபிடில் கேட்டது, இரண்டுக்கும் அடியில் 'ர்ர்ர்ர்' என்று விடாமல் ஓர் இரைச்சலும் கேட்டது. சரி, இயர்போன் ஆயுசு முடிந்தது என்று இன்னொன்றைத் தேடி எடுத்து மாட்டினேன். அதிலும் அதே இரைச்சல். அப்புறம் ஆல்பத்தைப் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது சிள்வண்டு.

ரியானன் கிடன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற இரண்டு அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆல்பம் அது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கருங்குருவி காக்கையிடம் என்ன சொன்னது'. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஸ்டூடியோ பக்கமே போகாமல், திறந்தவெளியில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 13 ஆண்டு மண்ணுக்குள் கிடந்துவிட்டு ஒரே சமயத்தில் வெளியே வரும் சிள்வண்டுக் கூட்டம் ஒன்று அந்த மாநிலத்தில் கிளம்பிய வருஷம் 2024. இவர்கள் மைக்கை வைத்ததும் அதே வருஷம்தான். வேறு யாராவது என்றால் வண்டு அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். இவர்கள் அதையும் கச்சேரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆல்பத்தில் 18 உருப்படிகள். வட கரோலினாவில் தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்த பழைய மெட்டுகள்தான் அவை. அமெரிக்க 'ரூட்ஸ்' இசைக்குள் புதிதாக நுழைகிறவர் தடுக்கி விழுகிற முதல் இடம் இது. புது வெளியீடு என்கிறார்கள், பாட்டோ கொள்ளுத்தாத்தா காலத்தது. அப்படியானால் இதில் எது புதுசு?

அதற்கு முன்னால் பெயரைப் பார்த்துவிடலாம். ரூட்ஸ் என்றால் வேர். ப்ளூஸ், பழைய கிராமத்து ஃபிடில்-பாஞ்சோ இசை, பழைய பாணிக் கன்ட்ரி, ப்ளூகிராஸ், லூசியானா மாநிலத்துப் பிரெஞ்சுக்காரர் வழி வந்த கேஜனும் ஸைடிகோவும், ஹவாய் இசை, அமெரிக்கப் பூர்வகுடிகளின் இசை என்று பலவற்றையும் ஒரே குடைக்குள் நிறுத்துகிற சொல். இவற்றுக்குள் பொதுவாக இருப்பது தாளமோ ராகமோ அல்ல, கற்றுக்கொண்ட விதம். நோட்டுப் பார்த்துப் படித்ததல்ல. அப்பா வாசித்ததை, பக்கத்து வீட்டுக்காரர் பாடியதை, சர்ச்சில் கேட்டதைக் காதால் பிடித்துக்கொண்டது. பாடியவர்கள் யாரும் தங்களை 'ரூட்ஸ் கலைஞர்' என்று சொல்லிக்கொண்டதில்லை. அது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய லேபிள்.

லேபிள் என்றதும் கிராமி விருது ஞாபகம் வருகிறது. அங்கே 'அமெரிக்கன் ரூட்ஸ்' என்றே ஒரு பிரிவு உண்டு. அதற்குள் ஃபோக் என்கிற நாட்டுப்புற இசை, ப்ளூஸ், ப்ளூகிராஸ், அமெரிக்கானா என்று தனித்தனிப் பரிசுகள். 2011-இல் விருதுகளின் எண்ணிக்கையை 109-இலிருந்து 78 ஆகக் குறைத்தபோது ஹவாய் இசை, பூர்வகுடி இசை, கேஜன்-ஸைடிகோ ஆகியவற்றுக்கு இருந்த தனிப் பரிசுகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் 'வட்டார ரூட்ஸ் இசை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். லூசியானாச் சதுப்பு நிலத்து அக்கார்டியனும் ஹவாய்த் தீவுப் பாட்டும் ஒரே பரிசுக்கு மோதிக்கொள்கின்றன. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் கம்பெனிகளின் வசதிக்காக இசையை மூட்டை கட்டுவது அந்த ஊரில் நூறு வருஷப் பழக்கம்.

தொப்பிக் கம்பெனிக் கட்டடம்

அந்தப் பழக்கத்தை அருகிலிருந்து பார்க்க பிரிஸ்டல் என்ற ஊருக்குப் போக வேண்டும். அதன் கடைத்தெருவுக்கு ஸ்டேட் ஸ்ட்ரீட் என்று பெயர். தெருவின் ஒரு பக்கம் டென்னசி மாநிலம், எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, அந்தத் தெருவில் தொப்பிக் கம்பெனி இருந்த ஒரு கட்டடத்தில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் கருவிகளோடு வந்து இறங்கினார். சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினார். மெழுகுத் தட்டில் பதிவு. ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம், சற்று முன்பின். தட்டில் அவ்வளவுதான் இடம். ஊரில் பத்து நிமிடம் இழுத்து வாசிப்பவரும் இங்கே மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். இன்றைக்கும் ஒரு பாட்டு மூன்று, நான்கு நிமிடம் என்று நம் காது எதிர்பார்ப்பதற்கு அந்தத் தட்டின் அகலமும் ஒரு காரணம்.

முதலில் கூட்டம் இல்லை. ஏற்கனவே இசைத்தட்டில் பாடிக்கொண்டிருந்த எர்னஸ்ட் ஸ்டோன்மேனுக்கு முந்தின வருஷம் 3,600 டாலர் கிடைத்தது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான், மலைக் கிராமங்களிலிருந்து ஆட்கள் ஃபிடிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் கார்ட்டர் குடும்பமும் உண்டு. ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல். வர்ஜீனியாவின் மேசஸ் ஸ்பிரிங் என்ற குக்கிராமம். தம்பியின் காரை இரவல் வாங்கி, மண் ரோட்டில் டயர் பஞ்சராக, வந்து சேர்ந்தார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது, கர்ப்பிணி. இரண்டு நாளில் ஆறு பாட்டுகள், பாட்டுக்கு 50 டாலர்.

மேபெலின் கிட்டாரை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அதுவரை இந்த மாதிரி இசையில் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் 'டங் டங்' என்று தாளம் தட்டத்தான் கிட்டார். மேபெல் கட்டைவிரலால் தடித்த மந்தரக் கம்பிகளில் மெட்டையே வாசித்தார். மற்ற விரல் மெல்லிய கம்பிகளை மேலும் கீழுமாக வருடித் தாளத்தைப் பார்த்துக்கொண்டது. ஒரே ஆள், ஒரே கிட்டார், பாட்டும் உண்டு, தாளமும் உண்டு. பின்னால் கன்ட்ரியிலும் ஃபோக்கிலும் கிட்டார் எடுத்தவர்களில் இந்தக் கைவேலையைத் தொடாதவர் அபூர்வம்.

இப்போது ரால்ஃப் பியருக்கு வருவோம். ரூட்ஸ் இசையில் 'புதுசு' என்ற சொல்லின் சூட்சுமம் அவர் போட்ட கணக்கில் இருக்கிறது. விக்டர் கம்பெனியிடம் அவர் பெரிய சம்பளம் கேட்கவில்லை. பதிவாகும் பாட்டுகளின் பதிப்புரிமையை எடுத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய பாட்டுக்குப் பதிப்புரிமை வாங்க முடியாது. யாரோ ஒருவர் 'இது என் பாட்டு' என்று கையெழுத்துப் போடும் அளவுக்காவது அது மாறியிருக்க வேண்டும். வந்தவர்களுக்குத் தெரிந்ததோ பழைய பாட்டுதான். ஆகவே பியருக்குத் தேவைப்பட்டது பழசும் இல்லாத, முழுக்கப் புதுசும் இல்லாத ஒரு சரக்கு. பழைய மெட்டில் இரண்டு வரியைத் திருத்து, ஒரு பல்லவியை மாற்று, புதுப் பாட்டு தயார்.

ஏ.பி. கார்ட்டர் இதற்காகவே ஊர் ஊராகப் போய்ப் பாட்டுத் தேடினார். வார்த்தைகளை எழுதிக்கொள்வார், ஆனால் மெட்டு அவருக்கு மனதில் தங்காது. அதற்காகக் கூடவே ஒருவரை அழைத்துப் போனார். லெஸ்லி ரிடில், டென்னசியின் கிங்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலின் பகுதியை இழந்தவர். ஏ.பி. வார்த்தையைப் பிடிக்க, ரிடில் மெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார். வீடு திரும்பியதும் அவர் வாசித்துக்காட்ட, சாராவும் மேபெலும் கற்றுக்கொள்வார்கள். தட்டு வெளிவந்தபோது அதில் கார்ட்டர் பெயர் இருந்தது. ரிடில் பெயர் இல்லை. 1960-களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிக் கண்டுபிடிக்கும்வரை வெளியுலகுக்கு அவரைத் தெரியாது.

இன்றைக்கும் அமெரிக்க மேடைகளில் எல்லாரும் சேர்ந்து பாடி முடிக்கிற 'வட்டம் அறுபடாமல் இருக்குமா' என்ற பாட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 1907-இல் ஏடா ஹேபர்ஷன் எழுதிய சர்ச் பாட்டு அது. 1935-இல் கார்ட்டர் குடும்பம் அதைத் தாயின் சவ ஊர்வலத்தைப் பற்றிய பாட்டாக மாற்றிப் பதிவு செய்தது. உலகம் அறிந்தது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

இரண்டு அலமாரி

ரிடிலின் பெயர் விட்டுப்போனதில் ஆச்சரியமில்லை. இசைத்தட்டுக் கம்பெனிகள் அதற்குள் கடையை இரண்டாகப் பிரித்திருந்தன. 1920-இல் ஓக்கே கம்பெனிக்காக மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய ஒரு ப்ளூஸ் தட்டு சக்கைப்போடு போட்டது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே அவர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது 'இனத் தட்டுகள்' என்று ஒரு வரிசை. 1923-இல் அட்லாண்டாவில் ஜான் கார்சன் என்ற ஃபிடில்காரரைப் பதிவு செய்தார்கள். அங்கே இருந்தவரும் இதே ரால்ஃப் பியர்தான். அதுவும் விற்றது. தென்மாநில வெள்ளைக்காரர்களுக்கு என்று 'ஹில்பில்லி' வரிசை பிறந்தது. ஹில்பில்லி என்றால் மலைக்காட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கௌரவமான சொல் இல்லை.

கடையில் அலமாரி இரண்டு. ஊரில் அப்படி இல்லை. ஒரே நடனத்துக்குக் கறுப்பர் ஃபிடில் வாசித்தார், வெள்ளைக்காரர் ஆடினார். ஒரே மெட்டு இரண்டு தெருவிலும் ஒலித்தது. கறுப்பர் ஒருவர் ஃபிடில்-பாஞ்சோ குழுவோடு வந்தால், 'உங்களுக்கு ப்ளூஸ்தானே வரும், அதைப் பாடுங்கள்' என்பார்கள். அதனால் கறுப்பினக் கிராமிய ஃபிடில் இசை தட்டில் ஏறியது மிகக் கொஞ்சம். பின்னாளில் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், பாஞ்சோ வெள்ளைக்காரர் வாத்தியம், ப்ளூஸ் கறுப்பர் பாட்டு என்று நம்பிவிட்டார்கள். விற்பனைப் பட்டியல் வரலாறாகிவிட்டது.

ஒட்டுப்போட்ட இடம் அவ்வப்போது பிரிந்து தெரியும். பிரிஸ்டலில் அதே 1927-இல் முதன்முதலாகப் பாடிய ஜிம்மி ராட்ஜர்ஸ், ரயில்வேயில் வேலை பார்த்தவர், கன்ட்ரி இசையின் முதல் நட்சத்திரம். 1930-இல் அவர் பாடிய ஒரு தட்டில் டிரம்பெட் ஊதியது யார் தெரியுமா? லூயி ஆர்ம்ஸ்ட்ராங். ஜாஸ் உலகின் கறுப்பின மேதையும் கன்ட்ரியின் வெள்ளைக்கார நாயகனும் ஒரே அறையில், ஒரே பாட்டில். நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர். 1941-இல் அவரை நிறுத்திவிட்டார்கள். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005-இல். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஹாரி ஸ்மித் என்ற ஓர் விசித்திரப் பிறவியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய தட்டுகளைச் சேர்ப்பது அவர் பைத்தியம். தன் குவியலிலிருந்து 84 பாட்டுகளைப் பொறுக்கி 1952-இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். பாடியவர் கறுப்பரா வெள்ளைக்காரரா என்பதை அதில் எங்கும் குறிக்கவில்லை, வேண்டுமென்றே. இரண்டு அலமாரியையும் தரையில் கொட்டிக் கலந்துவிட்டார். கேட்டவர்கள் பலர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை வெள்ளைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஹர்ட் 1928-இல் சில பாட்டுகள் பாடிவிட்டு, தட்டு விற்காததால் ஊருக்குத் திரும்பி விவசாயக் கூலியாக இருந்தவர். அந்தப் பழைய பாட்டொன்றில் அவலான் என் சொந்த ஊர் என்று ஒரு வரி வரும். அதைக் கேட்ட ஓர் இளைஞர் பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பிடித்து, 1963-இல் மிசிசிப்பிக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஹர்ட் இருந்தார். அதே வருஷம் நியூபோர்ட் ஃபோக் விழாவில் பாடினார். 35 வருஷத்துக்கு முன் பாடிய ஒரு வரி அவருடைய முகவரியாக வேலை செய்திருக்கிறது.

குட்டைக் கம்பி

சரி, பாஞ்சோ யாருடையது? மத்தளம்போலத் தோல் போர்த்திய வட்டமான உடம்பு, அதில் நீண்ட கழுத்து. அமெரிக்கப் பாஞ்சோவில் ஐந்து கம்பி. ஐந்தாவது மட்டும் குட்டை. அதன் பிருடை கழுத்தின் பாதியில், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். வாசிப்பவரின் கட்டைவிரலுக்கு மிக அருகில் இருக்கும் கம்பி அது. ஆனால் ஒலி மற்றவற்றைவிட உச்சத்தில். மெட்டு எங்கே அலைந்தாலும் அது மட்டும் ஒரே சுருதியில் 'டிக் டிக்' என்று நின்று பேசும். நம் காதுக்குத் தம்பூரா ஞாபகம் வரலாம், தாளத்தோடு சுண்டுகிற தம்பூரா.

பழைய முறையில் இதைச் சுண்டி வாசிப்பதில்லை, தட்டி வாசிப்பார்கள். விரல்களை மடக்கி, நகத்தின் மேற்புறம் கம்பியில் படும்படி கையைக் கீழே இறக்குவார்கள். அடுத்த கணம் கட்டைவிரல் அந்தக் குட்டைக் கம்பியைத் தொட்டு விடுபடும். மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல்-காம்பியா பகுதியின் ஜோலா மக்களிடம் அக்கோன்டிங் என்ற வாத்தியம் இருக்கிறது. சுரைக்குடுக்கை உடம்பு, தோல் போர்வை, மூன்று கம்பி. அதிலும் ஒன்று குட்டை. அதையும் இப்படியே நகத்தால் கீழ்நோக்கித் தட்டி, கட்டைவிரலால் குட்டைக் கம்பியைத் தொட்டு வாசிக்கிறார்கள். அடிமைக் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் வாத்தியத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது. செய்யத் தெரிந்த கையும் வாசிக்கத் தெரிந்த விரலும் வந்தன. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அவர்கள் மறுபடி சுரைக்குடுக்கையைக் குடைந்து கம்பி கட்டினார்கள். 1830-களுக்குப் பின், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்த வெள்ளைக்காரக் கூத்துக் குழுக்கள் அதை மேடையேற்றிப் பிரபலமாக்கின. கேலிப் பொருளாகிவிட்ட வாத்தியத்தை நாளாவட்டத்தில் கறுப்பர்கள் பலர் கைவிட்டதில் வியப்பென்ன?

ஆனாலும் எல்லாரும் விட்டுவிடவில்லை. வட கரோலினாவின் மெபேன் ஊரில் ஜோ தாம்சன் என்ற முதியவர் இருந்தார். ஃபர்னிச்சர் தொழிற்சாலைத் தொழிலாளி. அப்பாவிடம் ஃபிடில் கற்று, ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெலின் பாஞ்சோவோடு காலமெல்லாம் வாசித்தவர். 2005-இல் பூன் என்ற ஊரில் கறுப்பினப் பாஞ்சோ இசைக்கான கூட்டம் ஒன்று நடந்தது. அதற்கு வந்திருந்த மூன்று இளைஞர்கள், கிடன்ஸ், ராபின்சன், டாம் ஃபிளமன்ஸ், பிறகு தாம்சன் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்போது 86 வயது. சொல்லிக்கொடுப்பது என்றால் வகுப்பு எல்லாம் இல்லை. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள், தப்பாகப் போனால் அவர் மறுபடி வாசிப்பார். அந்த மூவரும் தொடங்கிய குழுதான் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்'. 2010-இல் வந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. தாம்சன் 2012-இல் இறந்தார். நான் கேட்ட சிள்வண்டு அவருடைய வீட்டில் பதிவு செய்தபோதும் கூடவே பாடியிருக்கலாம். ஆல்பத்துக்காக வாசித்த மூன்று இடங்களில் அந்த வீடும் ஒன்று. இன்னொன்று ஏட்டா பேக்கர் என்ற கிட்டார் மூதாட்டி வாழ்ந்த வீடு, மூன்றாவது ஒரு பழைய அடிமைப் பண்ணை.

எது புதுசு என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பாட்டு அல்ல. யார் வாசிக்கிறார், யாரிடமிருந்து வந்தது என்று சொல்கிறார், எங்கே உட்கார்ந்து வாசிக்கிறார் என்பதுதான். பழைய வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து வாசிப்பது, 1920-களில் தட்டில் விட்டுப்போன பெயர்களைத் திரும்ப எழுதுகிற வேலை.

இந்த வேலை ஓரத்தில் நடப்பதாக நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் பியான்சே வெளியிட்ட கன்ட்ரிப் பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் பாஞ்சோ, கிடன்ஸ் வாசித்தது. பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரிப் பாடல் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெண் முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் 2025-இல் கிராமியின் சிறந்த கன்ட்ரி ஆல்பமும் ஆனது, ஆண்டின் சிறந்த ஆல்பமும் ஆனது. இது கன்ட்ரியே அல்ல என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இரண்டு அலமாரிக் கடையில் வளர்ந்த காது வேறென்ன சொல்லும்.

மற்ற கிளைகள்

ப்ளூகிராஸ் பழைய இசை என்று பலர் நினைக்கிறார்கள். அது ரேடியோ காலத்து நவீன இசை. ப்ளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்றோவின் குழுவில் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து, மூன்று விரலில் உறை மாட்டிக்கொண்டு மழைபோலப் பாஞ்சோ பொழிந்தபோது அது முழு வடிவம் பெற்றது. நகத்தால் தட்டும் பழைய முறையும் இதுவும் காதுக்கு இரண்டு வேறு வாத்தியம். இன்று இதில் பெரிய பெயர் பில்லி ஸ்டிரிங்ஸ், 1992-இல் பிறந்தவர், விளையாட்டு அரங்குகளை நிரப்புகிறார். 2025 கிராமியில் சிறந்த ப்ளூகிராஸ் ஆல்பம் அவருடையது. அதே மேடையில் சியரா ஃபெரல் ஒரே இரவில் நான்கு கிராமி வாங்கினார். மேற்கு வர்ஜீனியாக்காரர், சரக்கு ரயிலில் ஏறி ஊர் சுற்றி, தெருவோரத்தில் பாடிப் பிழைத்தவர்.

ஸைடிகோ லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்களுடைய நடன இசை. அக்கார்டியனும், துணி துவைக்கும் நெளிவுத் தகட்டைச் சட்டைபோல மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் உரசுவதும் அதன் அடையாளம். பெயர் வந்த கதை நன்றாக இருக்கும். 'பீன்ஸில் உப்பில்லை' என்று ஒரு பழைய பாட்டு. பீன்ஸுக்குப் போட உப்புக்கண்டம்கூட வீட்டில் இல்லை என்று வறுமையைச் சொல்வது. அதில் பீன்ஸுக்கான பிரெஞ்சுச் சொல் 'லேஸாரிகோ'. வாய்க்கு வாய் உருண்டு ஸைடிகோ. இதன் மன்னர் கிளிஃப்டன் ஷெனியே 1925-இல் பிறந்தார். நூற்றாண்டுக்காக 2025 ஜூனில் வந்த அஞ்சலி ஆல்பத்தில் அந்த பீன்ஸ் பாட்டைப் பாடியிருப்பவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ்.

அமெரிக்கானா? இதை விளக்கச் சொன்னால் அவர்களே திணறுவார்கள். கன்ட்ரி வானொலி எடுத்துக்கொள்ளாத கன்ட்ரி, ராக் கடையில் வைக்க முடியாத ராக். அதற்கென ஒரு சங்கம் 1999-இல் தொடங்கி, ஒவ்வொரு செப்டம்பரிலும் நாஷ்வில்லில் விழா எடுக்கிறது. கறாரான வரையறை தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். வேடிக்கைக்கு ஒன்று: கென்டக்கியின் டைலர் சைல்டர்ஸ் 2025 ஜூலையில் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பு 'தீர்த்த யாத்ரா'. அப்படியே, அந்தச் சொல்லேதான். கென்டக்கி மலைநாட்டு உச்சரிப்பில் குருக்ஷேத்திரத்தை நோக்கிக் கிளம்புகிறார் மனிதர்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டது. 1916-இல் செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் பழைய இங்கிலாந்துக் கதைப்பாடல்களைத் தேடி வந்து குவியலாக எழுதிக்கொண்ட மேடிசன் மாவட்டம் அந்தப் பகுதியில்தான். அதன் தலைநகரமான மார்ஷல் வெள்ளத்தில் மூழ்கியது. சில வாரத்துக்குள் நிவாரணத்துக்காக இணையத்தில் ஒரு தொகுப்பு வந்தது. கலைஞர்கள் கொடுத்த 136 பாட்டுகள். ரூட்ஸ் உலகின் செய்திகளில் இப்படியானவையும் உண்டு, விருதும் பட்டியலும் மட்டுமல்ல.

கேட்கத் தொடங்குகிறவர் ஒரு சின்ன வேலை செய்யலாம். புது ஆல்பம் கிடைத்ததும் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். 'மரபுப் பாடல்' என்று இருந்தால், கலைஞர் இதை யாரிடமிருந்து எடுத்தார் என்று ஆல்பக் குறிப்பில் தேடுங்கள். பிறகு அந்தப் பழைய பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 'ஜார்ஜி பக்' என்ற மெட்டில் தொடங்கலாம். ஜோ தாம்சன் வாசித்ததும் இருக்கிறது, சாக்லேட் டிராப்ஸ் வாசித்ததும் இருக்கிறது. ஹாரி ஸ்மித்தின் தொகுப்பை இன்று வைத்திருப்பது ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக அமைப்பு. ஃபோக்வேஸ் நிறுவனத்தை 1987-இல் வாங்கியபோது, விற்றாலும் விற்காவிட்டாலும் எல்லா ஆல்பமும் எப்போதும் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வாங்கினார்கள். 2,000-க்கு மேற்பட்ட ஆல்பங்கள். தவளைச் சத்தம்கூட ஒரு ஆல்பமாக உண்டு.

இன்னொரு வழி ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் திறக்கிறது. 2018-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி பழைய ஒலிப்பதிவுகள் வருஷத்துக்கு ஒரு தொகுதியாகப் பொதுச் சொத்தாகின்றன. மேமி ஸ்மித்தின் 1920 தட்டு 2022-இல் வந்துவிட்டது. ஜான் கார்சனின் 1923 ஃபிடில் 2024-இல் வந்தது. 1927-இல் வெளியான தட்டுகளுக்கு 2028 ஜனவரி 1. தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் மேபெல் கட்டைவிரலால் வாசித்ததில் அந்த ஆண்டே வெளிவந்தவற்றை அன்று முதல் யாரும் எடுத்துப் போடலாம், வெட்டலாம், ஒட்டலாம், தன் பெயரில் புது ஆல்பம் என்று வெளியிடலாம்.